ஆறாவது மாடிக்கு வாங்குவோர் வரும் வழி

வீட்டை விற்பதென்று முடிவெடுத்தால், முதலில் அந்த வீட்டுக்கு நீங்களே விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள் என்றார் எங்கள் சொத்து முகவர். காதிப் ரயில் நிலையத்தில் இறங்கி, அந்தப் பேட்டையையே அறியாதவர் போல நடந்துவர வேண்டுமாம். சொல்வது எளிது. பிறந்ததிலிருந்து நடக்கும் பாதையில் கால் தானாகப் போகும், கண் எதையும் கவனிக்காது. இருந்தாலும் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, அப்படித்தான் நடந்தேன்.

வாங்க வருபவருக்கு முதலில் தெரிவது கூரை போட்ட நடைபாதை. மழையில் நனையாமல் எங்கள் புளோக்குக்கு வந்துவிடலாம். இதை விளம்பரத்தில் போட்டிருந்தார் முகவர். ரயிலுக்கு ஆறு நிமிட நடை, அருகிலேயே சந்தை, 1986இல் சிலேத்தார் ஆற்றை மறித்து உருவான நீர்த்தேக்கம், எல்லாம் இருந்தன. ஈசூன் என்ற பெயர் ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பொருள் ஈட்டிய லிம் நீ சூனின் பெயரை மாண்டரினில் உச்சரித்ததால் வந்தது என்பதோ, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்களில் பல பின்னாளில் இந்தப் பக்கம் வந்து குடியேறின என்பதோ இல்லை. என் தாத்தாவும் அந்தத் தளத்தில் வேலை பார்த்தவர்தான். புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் பக்கத்தில் இருப்பதையும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி வருவதையும் சேர்க்கலாமே என்றேன். “அத நேர்ல வர்றவங்ககிட்ட, ஆளப் பார்த்துச் சொல்லிக்கலாம் அக்கா” என்றார். தமிழ்த் தம்பிதான். தொழில் தெரிந்தவர்.

மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால் தாழ்வாரம். வீட்டைப் பற்றிய முடிவில் பாதி இங்கேயே எடுக்கப்பட்டுவிடும் என்று இப்போது நம்புகிறேன். செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், துவைத்த துணி, மீன்தொட்டி என்று ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைக் கதவுக்கு வெளியே கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறது. தீப் பாதுகாப்பு விதிப்படி தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். எங்கள் வாசலில் இருந்தவை ஒன்பது தொட்டிகள். அளந்து பார்த்ததில் இரண்டு விதியை மீறின. ஐந்தைப் பக்கத்து வீடுகள் தத்தெடுத்துக்கொண்டன. மூலையில் தலைக்கு மேல் வளர்ந்து நின்ற கறிவேப்பிலையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றார் அம்மா. அந்த மாடியில் பாதிப் பேர் தாளிப்பது அதை நம்பித்தான்.

கதவில்தான் சிக்கல் ஆரம்பித்தது. முகவர் கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மாவிலைத் தோரணம், நிலைப்படி மஞ்சள் குங்குமம், கூடத்தில் மாலை போட்ட அப்பா படம், சாமி அலமாரி, மிளகாய்ச் சிவப்பில் அம்மா ஆசையாக அடித்த சுவர், சமையலறை வாசம். இதையெல்லாம் எடுத்துவிட்டால் வீடு “நியூட்ரலா” இருக்கும் என்றார். வருகிறவர் தன் குடும்பத்தை அங்கே கற்பனை செய்துபார்க்க இடம் வேண்டுமாம்.

சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீவக வீட்டை விற்கும் இந்தியக் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்பது இப்போதைய வரம்பு. பேட்டை அளவில் அது 84, 22, 12. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம். நாம் சீனருக்கு விற்க முடியாது. மாதத்தின் முதல் நாள் கணக்கு புதுப்பிக்கப்படும். வீவக இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் புளோக்கில் அந்த மாதம் சீனர் வரம்பு நிரம்பியிருந்தது.

வாங்குவோர் கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே நொடியில் கழன்றுவிட்டது. இது விலையையும் தொடும், காத்திருக்கும் மாதங்களையும் தொடும். ஒரே இனம் ஒரே இடத்தில் திரளாமல் இருக்க வந்த கொள்கை. அதன் பயனை அனுபவித்து வளர்ந்தவள் நான். எங்கள் மாடியில் தீபாவளிப் பலகாரம் எட்டு வீட்டுக்குப் போகும், எட்டு வீட்டிலிருந்தும் வேறு நாள்களில் வேறு தட்டுகள் வரும். ஆனாலும் அதன் விலையைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. அரசாங்கமும் அதை மறைக்கவில்லை. எவ்வளவு முயன்றும் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி 2022இல் அறிவிக்கப்பட்டது.

என் கேள்வி அதுவல்ல. சீனர் வாங்க முடியாது, வருகிறவர்கள் இந்தியர்களும் மலாய்க்காரர்களும்தான் என்றான பிறகு, மாவிலைத் தோரணத்தை யாருக்காகக் கழற்றுகிறோம்?

முகவர் சளைக்கவில்லை. “அடுத்த மாசம் கணக்கு மாறலாம்க்கா. அதுவுமில்லாம, நம்ம ஆளுங்களும் இப்போ வெள்ளை வீட்டத்தான் கேக்குறாங்க. போன்ல படம் பார்க்கிறப்போ சிவப்புச் சுவரு வந்தா அடுத்ததுக்குத் தள்ளிடுறாங்க.” பதில் சொல்ல முடியவில்லை. 2024 முதல் வீவக இணையவாசலிலேயே மறுவிற்பனை வீடுகளைப் பட்டியலிடலாம். ஒரு மாலை முழுக்க ஈசூன், செங்காங், தெம்பனிஸ் என்று படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வெள்ளைச் சுவர், மர நிறத் தரை, சாம்பல் நிற சோபா. உரிமையாளர் எந்த இனம் என்று ஒரு வீட்டிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த நாடு என்றுகூடத்தான்.

யோசனை பிடிக்கத் தோ பாயோவில் உள்ள வீவக மையத்துக்குப் போய் மாதிரி வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தேன். அழகாக இருந்தன. இட்லிச் சட்டி, அரிசி வாளி, மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றுக்கு இடம் தேடினேன். அந்த வீடுகளில் யாரும் சமைப்பதில்லை, அதனால் அவை அழகாக இருப்பது சுலபம்.

சுவர் விஷயத்தில் முகவரே ஜெயித்தார். சிவப்பு போய் வெளிர்நிறம் வந்தது, கூடம் நிஜமாகவே ஓர் அடி அகன்றது போலிருந்தது. வெள்ளைக் குழல்விளக்கைக் கழற்றி மஞ்சள் ஒளி போட்டோம். திரைச்சீலையையும் கம்பளத்தையும் எடுக்கச் சொன்னபோது மட்டும் என் தொழில் குறுக்கே வந்தது. துணியில்லாத அறையில் குரல் சுவரில் மோதித் திரும்பும். ஒலிப்பதிவு அறையில் நாங்கள் கொல்லப் பாடுபடும் எதிரொலி அது. காலியான கூடத்தில் இரண்டு பேர் பேசினால் வீடு பெரிதாகத் தெரியாது, கைவிடப்பட்டதாகத் தெரியும். கம்பளம் தங்கியது. வீடு விற்கும் யாருக்கும் இதைச் சொல்வேன்: படம் எடுத்துப் பார்ப்பது போல, கூடத்தின் நடுவில் நின்று பேசியும் பாருங்கள்.

அப்பா படத்தைப் பற்றி யார் அம்மாவிடம் சொல்வது என்று அக்காவும் நானும் இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். அம்மாவுக்கே காதில் விழுந்திருக்கிறது. ஒரு காலை படம் அவர் படுக்கையறையில் இருந்தது. சுவரில் ஆணி அடித்த ஓட்டையையும் பூசச் சொல்லிவிட்டார். “அவரு உயிரோட இருந்தப்பவும் யாராவது வந்தா எந்திரிச்சு இடம் குடுத்துட்டு உள்ள போயிடுவாரு. இப்ப மட்டும் என்ன?” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாமி அலமாரி வேறு கதை. கதவு போட்ட அலமாரிதானே, ஆள் வரும்போது மூடிவிடலாம் என்றார் முகவர். “காலையில ஏத்துன விளக்கு மத்தியானம் வரைக்கும் எரியும். எரியுற விளக்கோட கதவ மூடினா வீடே போயிடும் தம்பி, அப்புறம் எத விப்பீங்க?” பட்டியலில் அந்த வரியை அவர் அங்கேயே அழித்தார். தோரணத்தை மட்டும் அம்மா தானாகக் கழற்றி மடித்து வைத்தார், அது எப்படியும் வெளுத்துப் போயிருந்ததாம்.

சமையலறையில் வாசத்தைப் பற்றிப் பல ஆலோசனை கிடைக்கும். வருகிற அன்று மீன் வறுக்காதீர்கள் என்பது சரி. புகைபோக்கியின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும், குப்பைத் தொட்டியைக் கழுவுவதும்தான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் வாசனைத் திரவம். வீட்டில் கோப்பி வாசம் வந்தால் நல்லது என்று முகவர் சொல்லியிருந்தார். முதல் சனிக்கிழமை அம்மா ஒரு பெரிய பானையில் சுக்குக் கோப்பி போட்டுவிட்டார். அதைச் சரிசெய்ய நேரமில்லை. வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். பொதுக் கழிவறையின் கூரையில் மேல் வீட்டிலிருந்து கசிந்த கறை. சாயம் பூசுபவர், அதன்மேல் இரண்டு கை அடித்தால் மூன்று மாதத்துக்குத் தெரியாது என்றார். அது அலங்காரம் இல்லை. இப்படிப்பட்ட கசிவுக்குக் கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கிறது. செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை மேல் வீடும் கீழ் வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மேல் வீட்டு சீன அங்கிளிடம் பேசி, அதை முடித்த பிறகே படம் எடுத்தோம். மூன்று வாரம் போனது.

எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. நான்கு மணிக்கு மேல் சோபாவில் உட்கார முடியாது. அதனால் வீடு காட்டுவதைக் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வைத்தோம். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வது என்று முடிவு. கேட்காதவர் ஒருவரும் இல்லை. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.

ஐந்து வாரத்தில் பதினொரு குடும்பங்கள் வந்தன. நாங்கள் தேடித் தேடி வாங்கிய சாம்பல் நிற மெத்தையணைகளை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து நீர் வேகத்தைப் பார்த்தார்கள். மேல் மாடியில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்றார்கள். படங்களைப் பார்த்து ஆசையாக வந்த இளம் இணையர் பலர், குத்தகையைக் கேட்டதும் முகம் மாறினார்கள். 1985இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையில் எங்களுக்கு மிச்சம் 59. வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேம நிதியை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது 2019 முதல் விதி. கூட்டிப் பாருங்கள், 36 வயது வேண்டும். மஞ்சள் விளக்கு இருபத்தெட்டு வயதினரை அழைத்து வரும், குத்தகைக் கணக்கு அவர்களைத் திருப்பி அனுப்பும். எங்கள் வீட்டை யாருக்காக அலங்கரிக்கிறோம் என்பதை முதல் நாளே இந்தக் கணக்கில் தொடங்கியிருக்க வேண்டும் என்று முகவரிடம் சொன்னேன். சிரித்தார்.

ஒரு தமிழ்க் குடும்பம் நேராகச் சாமி அலமாரி முன் நின்றது. உள்ளேயே தனி மின்செருகி இருப்பதைக் கண்டு அந்த அம்மாள் மகிழ்ந்துபோனார். விலைதான் ஒத்துவரவில்லை.

எட்டாவதாக வந்தது ஒரு மலாய்க் குடும்பம். நாற்பதுகளில் கணவன் மனைவி, இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகள், மனைவியின் தாயார். விளக்கு எரிந்துகொண்டிருந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, அந்த மூலையில் புத்தக அலமாரி சரியாக இருக்கும் என்று கணவன் அளந்துகொண்டார். அவ்வளவுதான். நியூட்ரலா என்றெல்லாம் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பாட்டி உள்ளே சுற்றிப் பார்க்கவே இல்லை. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்து, இது வீட்டோடு சேர்ந்ததா என்று மலாயில் அம்மாவைக் கேட்டார். இருவரும் மீன் கறிக்கு எந்த நேரத்தில் இலை போடுவது என்று இருபது நிமிடம் பேசினார்கள். உள்ளே நாங்கள் விலை பேசினோம்.

இரண்டு வாரம் கழித்து, இரண்டாவது முறை வந்தபோது, ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். சட்டப்படி ஒரு வெள்ளியிலிருந்து ஆயிரம் வரை கேட்கலாம். அன்றிலிருந்து 21 நாள் அவர்களுக்கு அவகாசம், அதற்குள் வேறு யாருக்கும் அந்த உரிமையைக் கொடுக்க முடியாது. வாங்காமல் விலகினால் அந்தப் பணம் நமக்கு. இதை எழுதும்போது பன்னிரண்டாம் நாள். அம்மா பொங்கோலில் அக்கா வீட்டுக்கு அருகே ஈரறை ஃபிளெக்சி வீட்டுக்குப் போகப்போகிறார். தாய்ச்செடியை அங்கே கொண்டுபோவது உறுதி. அதன் வேரிலிருந்து முளைத்த பக்கக் கன்றைப் பிரித்து, பழைய மைலோ டின்னில் நட்டு, பாட்டிக்கென்று தனியாக நிழலில் வைத்திருக்கிறார்.

“அவங்க வேணாம்னு போயிட்டா?” என்று கேட்டேன்.

“போனா போகட்டும். ஆயிரம் வெள்ளியும் கன்னும் நம்மகிட்டதான இருக்கும்” என்றார், தண்ணீர் ஊற்றிக்கொண்டே.