ரீகாவில் 40 நாள்... அப்பாவின் சிங்கப்பூர் கணக்கு!

"அங்க ஒரு டீ எவ்ளோ பாப்பா?"

லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் போய் இறங்கிய அன்று, வீடியோ காலில் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். "ரெண்டு யூரோப்பா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருநூறு ரூபாயா! ஆலங்குடியில அந்தக் காசுக்கு ஊருக்கே டீ வாங்கிக் குடுக்கலாமே!"

ஐரோப்பாவில் செலவு குறைவான தலைநகரங்களைத் தேடினால், பால்டிக் நாடுகளில் இருக்கும் ரீகா, வில்னியஸ், தாலின் மூன்றும் கண்ணில் படும். என் கல்லூரித் தோழி ரீகாவில் மேற்படிப்பு படிக்கிறாள். "நவம்பர்ல வா, டிக்கெட் விலை கம்மி. ரூம் வாடகையில பாதி குடு, போதும்" என்றாள். இரண்டு வருடச் சேமிப்பை எடுத்துக்கொண்டு, சம்பளமில்லா விடுப்பில் கிளம்பிவிட்டேன். விசா கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 180 நாளில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். என் கையிருப்புக்கு 40 நாள்தான் தாங்கும்.

நவம்பரில் ஏன் டிக்கெட் விலை குறைவு என்பது சீக்கிரமே புரிந்தது. மாதக் கடைசியில் எட்டரை மணிக்கு விடிகிறது, நாலு மணிக்குள் இருட்டிவிடுகிறது. வெயிலிலேயே வளர்ந்த புதுக்கோட்டைக்காரிக்கு அந்த இருட்டைப் பழகுவதே பெரும்பாடு.

முதல் வாரம் முழுக்க எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கினேன். டிராம் டிக்கெட் ஒன்றரை யூரோ என்றதும், குளிரில் நடந்தே போனேன். மூன்று வேளையும் சோறும் ரசமும்தான். "இப்படி ரூபாய்க் கணக்குப் பார்த்தா இங்க ஒரு நாள்கூட இருக்க முடியாது. இந்த ஊர்க்காரங்க எப்படி வாழ்றாங்கன்னு பாரு" என்று தோழி திட்டிவிட்டு, மத்தியச் சந்தைக்குக் கூட்டிப்போனாள்.

முதல் உலகப்போர் காலத்து ஜெர்மானிய ஆகாயக் கப்பல்களை நிறுத்திவைத்த கொட்டகைகளைப் பெயர்த்துவந்து கட்டி, 1930-ல் திறந்த சந்தை அது. ஐந்து பிரமாண்டக் கூடங்கள். பாட்டிமார் கறுப்பு ரொட்டியும், பீட்ரூட்டும், ஊறவைத்த முட்டைக்கோஸும் பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாங்கியதையே நாங்களும் வாங்கினோம். செலவு நிஜமாகவே குறைந்தது.

பகலில் தேசிய நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். 2014 ஜனவரியில் பழைய நூலகத்திலிருந்து இந்தப் புதுக் கட்டடத்துக்கு, சுமார் 14,000 பேர் வரிசையாக நின்று கைமாற்றி கைமாற்றிப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்களாம். அந்த நாட்டின் மக்கள்தொகையே 19 லட்சத்துக்குள்தான். 2011 கணக்குப்படி நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 16 லட்சம் பேர்!

நவம்பர் 11 அன்று சாயங்காலம் ரீகா கோட்டைப் பக்கம் போனோம். 1919-ல் இதே நாளில் எதிரிப்படையிடமிருந்து ரீகாவைக் காப்பாற்றினார்கள். நாட்டுக்காக உயிர்விட்டவர்களை நினைத்து, வருடாவருடம் கோட்டைச் சுவரோரம் மக்கள் விளக்கேற்றுகிறார்கள். தவுகாவா ஆற்றங்கரையில் அந்தச் சுவர் நெடுக ஆயிரக்கணக்கான சுடர்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

எனக்குக் கார்த்திகை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணை, அகல் விளக்குகள், அம்மா. அந்தக் கார்த்திகைகள் பலவற்றில் அப்பா இல்லை. நான் பிறந்த மறுவருடம் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், நான் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் ஊரோடு திரும்பினார். சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டால் விலைவாசியை மட்டும்தான் சொல்வார்.

அங்கே நின்றபடியே போன் போட்டேன். ஊரில் மணி ஒன்பதரை.

"அப்பா, சிங்கப்பூர்ல கார்த்திகைக்கு விளக்கு ஏத்துவீங்களா?"

"ரூம்ல நெருப்புப் பத்தவைக்கக் கூடாது பாப்பா. பன்னெண்டு பேர் படுக்குற ரூமு. அன்னைக்கு மட்டும் போன் கார்டுல கூடக் கொஞ்ச நேரம் பேசுவேன். இன்னைக்கு எத்தனை விளக்கு வச்சேன்னு உங்கம்மா எண்ணிச் சொல்லுவா."

"அங்க டீ குடிப்பீங்களாப்பா?"

"டீயா? மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. ஒரு டீக் காசு மிச்சம் பண்ணா உனக்கு ஒரு நோட்டு வாங்கலாம்ல..."

அப்பாவின் கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் 40 நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று தெரிந்து தங்கினேன். அவர் எப்போது திரும்புவோம் என்று தெரியாமலே பத்து வருடம் அங்கே இருந்தார். ரீகா எனக்குச் செலவு குறைவான ஊராக இருந்ததற்கு, அவர் குடிக்காத டீக்களும் ஒரு காரணம்.

ஊருக்கு வந்ததும், கறுப்பு ரொட்டியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு துண்டு பிய்த்துத் தின்றார். "புளிக்குது. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றவர், முதல் தடவையாக, என்ன விலை என்று கேட்கவே இல்லை.