புளி கடைசியில்

மொச்சையை முதலில் முறத்தில் போட்டுப் புடைக்கப் பழகுங்கள், அடுப்பு அப்புறம். வண்டு துளைத்ததும் சூம்பியதும் அங்கேயே கழியட்டும். பிறகு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். தோல் முதலில் சுருங்கும், அப்புறம் உப்பும். விடிந்தும் சுருங்காமல் கல்லாகக் கிடப்பதைப் பொறுக்கி எறியுங்கள். எத்தனை விசில் விட்டாலும் அது பல்லைத்தான் பதம் பார்க்கும்.

கறம்பக்குடியில் எனக்குத் தொழில் சொல்லித்தந்த மாஸ்டர், உப்புக் கலந்த போர் தண்ணீரில் மொச்சை போட விடமாட்டார். அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு தோலை இறுக்கிவிடும். ஊறல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில்தான் அண்டா ஏறும். அவசரத்துக்குச் சோடா உப்புப் போடுகிறவர்கள் உண்டு. தோல் வெடித்து, குழம்பில் சோப்பு வாடை அடிக்கும்.

பதம் பார்ப்பது கையில் இருக்கிறது. அடியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குவார் மாஸ்டர். மூன்றும் நெறுநெறுப்பில்லாமல் வெண்ணெயாக மசிந்தால்தான் புளிக்கரைசலுக்கு அனுமதி. முன்னாடியே புளி விழுந்தால் மொச்சை விறைத்துக்கொள்ளும்; பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் வேகாது.

நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. மசாலாவின் பச்சை வாடை போனதும் கத்தரிக்காயும் வெந்த மொச்சையும். ஒரு கைப்பிடி மொச்சையை மசித்து விட்டால் குழம்பு தானே கெட்டிப்படும். கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கருவாடு சேர்ப்பதாக இருந்தால், வெந்நீரில் அலசி இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். கருவாட்டின் உப்பு இறங்கிய பிறகே கல்லுப்பைத் தொட வேண்டும்.

தை மாதத்துப் பச்சை மொச்சைக்கு இந்தப் பாடு இல்லை. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கினால் பருப்பு வழுக்கி வரும். கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் மொச்சைக்குப் பதில் பின்டோ பீன்ஸில் இதே குழம்பு வைக்கிறார்கள். மெக்சிகோக்காரர்கள் வேகவைத்து மசித்துக் கொழுப்பில் வதக்கும் பயறு அது. மொச்சையைவிடத் தோல் மெல்லிசு, சீக்கிரம் குழையும். மசிக்கிற வேலை மிச்சம். ஆனால் ராஜ்மா இனம். ஊறல் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும். புளிச் சட்டம் அதற்கும் இதேதான்.

புளிக்கரைசலைக் கையில் ஏந்திப் பரபரக்கிறவரை மாஸ்டர் திட்ட மாட்டார். வெங்காயம் உரிக்க அனுப்பிவிடுவார்.