அடுகோடியில் நின்றுபோன படம்

நாசிர் ஷேக்கின் கேமரா தண்ணீரில் விழுந்துவிடும். 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' ஆவணப்படத்தில் அந்த இடம் வந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். "என்னப்பா, படம் பிடிக்கலையா?" என்றான் மகன். பிடிக்காமல் இல்லை. கையில் இருப்பது ஒரே கேமரா. அதுவும் போனால் படம் நின்றுபோகும். அப்படி நின்றுபோன படம் ஒன்று எனக்கும் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

நாசிரின் கதையை வைத்து ரீமா காக்டி எடுத்த 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' 2025 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த மகன்தான், அசல் ஆட்களையே பார்க்கலாம் என்று இந்த ஆவணப்படத்தைத் தேடிப் போட்டான். ஃபைசா அகமது கான் எடுத்தது. 2008இல் முடித்து, வெளிநாட்டு விழாக்களையெல்லாம் சுற்றிவிட்டு, 2012 ஜூனில்தான் நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்தது.

மாலேகாவ் மகாராஷ்டிரத்தில், நாசிக் மாவட்டத்து விசைத்தறி ஊர். வாரமெல்லாம் தறிச் சத்தம். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்கு சினிமா. ஊர் நடுவே மோசம் ஆறு. ஒரு கரையில் முஸ்லிம்கள், எதிர்க்கரையில் இந்துக்கள். அங்கே வீடியோ பார்லர் நடத்திக்கொண்டிருந்த நாசிர் 2000இல் ஐம்பதாயிரம் ரூபாயில் 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். நடித்தவர்கள் தறிக்காரர்களும் கடைக்காரர்களும். கிரேன் வேண்டுமென்றால் மாட்டுவண்டி, டிராலி வேண்டுமென்றால் சைக்கிள். அடுத்து சூப்பர்மேனைப் பறக்கவிட ஆசை வந்தது. அதற்காகப் பச்சைத் துணி கட்டி கிராஃபிக்ஸ் கற்றுக்கொண்டார். சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக் விசைத்தறித் தொழிலாளி, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. டவுசருக்கு வெளியே நாடா தொங்கும், காலில் ரப்பர் செருப்பு. ஃபைசாவின் கேமரா அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது, ஒரு இடத்தில்கூட அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏழைகள் எடுக்கும் சினிமாவைப் பற்றி வந்த படங்களில் இந்த மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் ஃபேக்டரி பெங்களூர் அடுகோடியில்தான் இருந்தது. ஓசூர் ரோடு ஊரை ஒட்டியே போகிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் கலந்து கேட்கும். அங்கே எனக்கு ஒரு வீடியோ கேசட் கடை இருந்தது. கல்யாண வீடியோவும் எடுப்பேன். கடனில் வாங்கிய ஒரு நேஷனல் எம்-7 கேமரா, இரண்டு டெக். சன்கன் லைட் பிடிக்க ஒரு பையன்.

1991இல் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பையன்களை வைத்து ஒரு படம் எடுக்கத் தொடங்கினோம். ஓசூர் சந்தைக் கூட்டத்தில் பிரிந்துபோன அண்ணன் தம்பி. அண்ணன் கன்னட வீட்டில் வளர்ந்து ராஜ்குமார் மாதிரி பேசுவான். தம்பி தமிழ் வீட்டில் வளர்ந்து எம்.ஜி.ஆர். மாதிரி பேசுவான். கடைசியில் அடுகோடி பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் சேருவார்கள். அண்ணனாக நடித்தவர் கன்னடக்காரர், லேத் பட்டறை வேலை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடந்தால் தெருவே நின்று பார்க்கும். தம்பிக்குக் குல்லா தைத்துக் கொடுத்தவர் உருது பேசும் டெய்லர் பாய். நாலு கேசட் முடிந்திருந்தது. சேருகிற காட்சி மட்டும் பாக்கி. அதை டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாக இருந்தோம்.

காவிரி நடுவர் மன்றம் ஜூன் 25 அன்று, தமிழ்நாட்டுக்கு வருஷம் 205 டி.எம்.சி. விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. மத்திய அரசு அதை டிசம்பர் 11 அன்று கெஜட்டில் வெளியிட்டது. மறுநாள் தமிழர்களுக்கு எதிராக ஊர் பற்றிக்கொண்டது. காவிரி எங்கள் தெருவுக்கு வருவதெல்லாம் குழாய் வழியாகத்தான், தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி. எல்லா வீட்டுக் குடத்திலும் அதே தண்ணீர்.

12ஆம் தேதி மத்தியானம் கடைக்கு மேலே குடியிருந்த வீட்டுக்கார கௌடரம்மா இறங்கி வந்தார். போர்டைக் கழட்டு என்றார். அது போர்டு இல்லை அம்மா, சுவரில் பெயிண்டில் எழுதியது என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போய், பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பை வாளியில் கரைத்துக்கொண்டு வந்தார். அறுபது வயசு அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தமிழ் எழுத்தின் மேல் தன் கையாலேயே பூசினார். "எழுத்து போனா மறுபடி எழுதிக்கலாம்ப்பா" என்று கன்னடத்தில் சொன்னார். கேமராவையும் டெக்கையும் அவர் வீட்டு ராகி மூட்டைக்குப் பின்னால் வைத்தோம். கேசட்டுகளைத் தூக்க நேரம் இல்லை.

சாயங்காலம் கும்பல் வந்தது. மாடி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷட்டரை நெம்பி ரேக்குகளைத் தெருவுக்கு இழுத்தார்கள். கேசட் எரியும் நாற்றத்தை மூக்கு மறப்பதில்லை. டயர் நாற்றத்தோடு ஏதோ மருந்து வாடையும் கலந்திருக்கும். சிலர் டேப்பை உருவி உருவி வீசினார்கள். கரண்ட் கம்பியில் சிக்கிய கறுப்பு நாடா பல வாரம் அங்கேயே தொங்கியது. வெயில் பட்டால் மினுங்கும், காற்றடித்தால் சலசலக்கும்.

மறுநாள் பந்த். அதற்கடுத்த நாள் விடியற்காலையில் லேத் பட்டறைக்காரர் தனியாக வந்து சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். கூடு உருகிப்போன ஒரே ஒரு கேசட்டை எடுத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கே ஒரு லாரியில் அம்மாவோடு ஓசூர் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ரோடு நெடுக மூட்டையும் பாத்திரமுமாக எங்களைப் போன்றவர்கள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தேன். கடையை மறுபடி திறந்தேன், கடனையும் அடைத்தேன். அண்ணன் வேஷக்காரரைத் தினமும் பார்ப்பேன். அவர் என் அம்மாவை விசாரிப்பார், நான் அவர் குழந்தையை விசாரிப்பேன். ஷூட்டிங் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேருகிற காட்சியை அதே பஸ் ஸ்டாப்பில் எடுக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாலேகாவில் 2001இல் கலவரம் நடந்தது. 2006 செப்டம்பரிலும் 2008 செப்டம்பரிலும் குண்டு வெடித்தது. அந்த ஊரில் அவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் நிறுத்திவிட்டோம். அது எங்கள் தோல்வி. கும்பல் எரித்தது கேசட்டை. சேர்ந்து ஒன்றைச் செய்யும் பழக்கத்தைக் கைவிட்டது நாங்கள்தான்.

வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்திப்போன 2000இல், 108 நாளும் தெருவுக்கு மூச்சு முட்டியது. அந்த நாட்களில் வேலை முடிந்ததும் லேத் பட்டறைக்காரர் வந்து என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடையைப் பூட்டிய பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போவார்.

அல்சூர் ஏரிக்கரையில் 1991இலிருந்து மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. பதினெட்டு வருஷம். என் சுவரில் கௌடரம்மா பூசிய சுண்ணாம்பு அதற்கு வெகுநாள் முன்பே மழையில் கரைந்து, எழுத்து வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதை நான் மறுபடி எழுதவே இல்லை. அப்படியே விட்டுவைத்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை இன்றும் அறுப்பது ஒரு கல்யாணக் கேசட். 1991 நவம்பரில் எடுத்தது. மிக்ஸிங் முடியவில்லை, அதனால் மாஸ்டரும் கடையிலேயே இருந்தது. இரண்டரை வருஷம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். புருஷன் விபத்தில் போய்விட்டார். "அண்ணா, எங்கேயாவது ஒரு காப்பி இருக்குமா? இவனுக்கு அப்பா நடக்கறதைக் காட்டணும்" என்றாள். போட்டோவில் முகம் இருக்கிறது, நடை இல்லை. இல்லையம்மா என்றேன். அவள் கொஞ்ச நேரம் ரேக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

வாய்ப் புற்றுநோய் ஷஃபீக்கைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் அவர் பறந்தது படத்தில் இருக்கிறது. ஆவணப்படம் முடிந்ததும் பரணில் ஏறி அந்த உருகின கேசட்டைத் தேடி எடுத்தேன். மகன் அதன் டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்டினான். பதினோரு நிமிஷம் படம் தெரிகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் நடந்து வருகிறார். பின்னால் என் கடைச் சுவர், முழுசாகத் தமிழ் எழுத்து. மாடியில் கௌடரம்மா துணி காயப்போடுகிறார்.

அடுகோடி, வில்சன் கார்டன், கோரமங்கலா பக்கம் 1991க்கு முன்னால் எடுத்த கல்யாண கேசட், காதுகுத்து கேசட் எதுவாவது உங்கள் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பந்தலில் சாப்பிட வந்தவராக, கைக்குழந்தையாக என் கடைக்கு வந்த அந்தப் பையனின் அப்பாவும் நடந்து போயிருக்கலாம். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. டெக்கில் போடாதீர்கள், டேப்பும் போகும், டெக்கின் ஹெட்டும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், பிறகு காப்பி எடுத்து வையுங்கள்.