ஒருத்திக்கு இருவர் கட்டணம்

உல்லாசப் பயணக் கப்பல்களின் விளம்பரங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு விலை பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில், 'இருவர் ஓர் அறையில் தங்கும் அடிப்படையில்' என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சிறிய வரியைப் பற்றியே இம்முறை எழுத நினைத்தேன்.

நம்மில் எத்தனை பேர் இப்படிப்பட்ட கப்பலில் ஏறப்போகின்றோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பல் ஒன்று காங்கேசன்துறையைத் தொட்டபோது பத்திரிகையில் படம் பார்த்ததோடு எங்கள் பயணம் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் உறவுகளில் பாதிப்பேர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆண்டு விடுமுறைக்குப் போகும் வழிகளில் ஒன்று. அதன் விலைப்பட்டியலைக் கொஞ்சம் ஊன்றிப் பார்த்தால், யாரைக் குடும்பம் என்று எண்ணி அதனை எழுதியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

கப்பலில் விற்கப்படுவது உண்மையில் அறைதான். முதல் இருவர் முழுக்கட்டணம் செலுத்த வேண்டும். அதே அறையில் மேலிருந்து இழுத்து விரிக்கும் படுக்கையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஒருவர் வந்தால் அவருக்குக் கட்டணம் குறைவு. சில நிறுவனங்கள் சில காலங்களில் பிள்ளைகளுக்கு இலவசம் என்றே விளம்பரம் செய்கின்றன. அந்த இலவசத்திலும் துறைமுக வரியும் பணியாளருக்கான அன்பளிப்புப் பணமும் பெரும்பாலும் அடங்குவதில்லை. தனியாக ஒருவர் அறை எடுத்தால், இல்லாத இரண்டாவது ஆளின் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டிவரும். பல கப்பல்களில் அது இரு மடங்காகிவிடுகின்றது.

வியாபாரிகள் இதற்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். அறையின் செலவு ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் ஒன்றுதான். அதைவிட முக்கியமானது, கப்பலின் வருமானத்தில் கணிசமான பங்கு ஏறிய பின்னர் மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா என்று பயணிகள் செலவழிப்பதிலிருந்து வருகின்றது. தனியாள் ஒருவர் பங்குக்கே செலவழிப்பார். மேல் படுக்கையில் தூங்கும் பிள்ளையோ, இல்லாவிட்டால் வெறுமையாகக் கிடக்கும் இடத்தை நிரப்புகின்றது. கணக்கு பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கு யாருடைய தலையில் விழுகின்றது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

என் பெரியம்மாவின் மகள்மார் இருவரும் இலண்டனில் இருக்கிறார்கள். மூத்தவருக்கு மூன்று பிள்ளைகள். இளையவர் தாதியாக வேலை செய்கிறார், மணம் முடிக்கவில்லை. 2024இல் பெரியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி எல்லோருமாகச் சவுதாம்ப்ரன் துறைமுகத்திலிருந்து ஒரு வாரக் கப்பற்பயணம் போவதென்று பேச்சு எழுந்தது. பெரியம்மா கடைசியில் கடல் ஒத்துவராது என்று விலகிவிட்டார். பயணம் நின்றது, சண்டை மட்டும் தொடர்ந்தது. நான் சமூகவியல் படித்தவள் என்பதால் இருவரும் தனித்தனியாக எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"நான் ஒரு ஆள்தானே, எனக்கேன் ரெண்டு பேற்ற காசு? அக்காட பிள்ளையள் சும்மா போகுதுகள், அதுக்கு நான் கட்டுறன்" என்றார் இளையவர்.

"சும்மாவோ? பள்ளிக்கூட லீவிலதான் எங்களால போகேலும். அந்த நேரத்து விலை அவளுக்குத் தெரியுமோ?" என்றார் மூத்தவர்.

மூத்தவர் சொன்னதிலும் உண்மை இருக்கின்றது. இங்கிலாந்தில் தவணை நாட்களில் பிள்ளைகளை விடுமுறைக்கு அழைத்துச் சென்றால் பெற்றோருக்குத் தண்டப்பணம் உண்டு. வைற் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர் இதனை எதிர்த்து வழக்காடி 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2024 ஓகஸ்டிலிருந்து அத்தொகை 60 பவுணிலிருந்து 80 பவுணாக உயர்ந்தது. அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியே. இந்த வீட்டுக்கு 480 பவுண் வரும். ஆகவே பெற்றோர் ஓகஸ்ட் மாதத்துக்குள் தள்ளப்படுகிறார்கள். அது தெரிந்த நிறுவனங்கள் ஓகஸ்ட் மாதத்தில் விலையை ஏற்றுகின்றன.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முழுக்கட்டணம் 1,000 பவுண், மூன்றாம் படுக்கை 300 பவுண் என்று வைத்துக்கொள்வோம். (உண்மை விலை நாளுக்கு நாள் மாறும்.) பெரும்பாலான அறைகளில் நால்வருக்கு மேல் தங்க முடியாது. ஆகவே ஐந்து பேர் கொண்ட மூத்தவரின் குடும்பம் இரண்டு அறை எடுக்க வேண்டும். அப்போது நால்வர் முழுக்கட்டணக்காரர். மூன்று பிள்ளைகளில் இருவர் பெரியவர்களின் விலைக்கே போகிறார்கள். சலுகை ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். 4,300 பவுண். இளையவர் தனியறைக்கு 2,000. மொத்தம் 6,300.

அடுத்ததைத்தான் பெரியம்மா கண்டுபிடித்தார். இளையவர் தனியறை எடுக்காமல் இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறையில் தங்கினால்? இரண்டு அறை, ஒவ்வொன்றிலும் மூவர். மொத்தம் 4,600. ஒரே அடியில் 1,700 பவுண் மிச்சம்! வீடே மகிழ்ந்தது, ஒருவரைத் தவிர.

"நான் லீவுக்கெண்டு போறன், பிள்ளை பாக்கிற வேலைக்கில்லை. வருசம் முழுக்க நோயாளியளைத் தூக்கிப் பறிக்கிறன்" என்றார் அவர்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. விலைப்பட்டியல் ஒரு பெண்ணைப் பார்த்து, தனியாகத் தூங்க விரும்பினால் இரட்டிப்புப் பணம் கொடு, இல்லாவிட்டால் யாருக்காவது ஆயாவாகப் போ என்கின்றது. குடும்பமும் அதையே அன்பான குரலில் சொல்கின்றது. மணமாகாத சித்திமாரும் பெரியம்மாமாரும் நம் வீடுகளில் சம்பளமின்றிச் செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பொறுப்பில்லைத்தானே என்று சொல்லியே எல்லாப் பொறுப்பையும் கொடுத்துவிடுவோம்.

பிள்ளைகளோடு வருவோரும் பிள்ளைகளில்லாமல் வருவோரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வேறு விடயங்களும் உண்டு. நீர்ச்சறுக்கும் விளையாட்டுக்கூடமும் எல்லோருடைய கட்டணத்திலும்தான் கட்டப்படுகின்றன. மறுபக்கம், பெரியவர்களுக்கு மட்டுமான அமைதியான தளத்தைச் சில கப்பல்கள் இலவசமாகத் தருகின்றன, சில பணம் கேட்கின்றன. பி அன்ட் ஓ நிறுவனத்தின் ஆர்கேடியா, அரோரா கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர் ஏறவே முடியாது. 2021இல் பயணம் தொடங்கிய வேர்ஜின் வோயேஜஸ் கப்பல்களிலும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. நீண்ட கடற்பயணமாயின் ஒரு வயது ஆக வேண்டும். நடுக்கடலில் குழந்தைக்கு நோய் வந்தால் கப்பல் வைத்தியரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்பதால் இந்த விதியில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகளில்லாத கப்பல் இருப்பதிலும் எனக்குக் கோபம் இல்லை. அமைதியை விரும்புவது பிள்ளைகளை வெறுப்பதாகாது.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இதில் என்ன செய்கின்றது என்று பார்த்தேன். சேவைகளில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாடு 2012 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோதும், 18 வயதுக்குக் குறைந்தோருக்கு அது பொருந்தாது. திருமண நிலை காரணமாகப் பாகுபாடு காட்டுவது வேலைத்தலத்தில் தடை, சேவை வாங்கும் இடத்தில் தடையில்லை. வேலைத்தலத்திலும் மணமானவர் என்பதற்கே பாதுகாப்பு, மணமாகாதவர் என்பதற்கு இல்லை. அச்சட்டத்தைக் காட்டி, தனியே வந்ததற்காக ஏன் இரட்டிப்பு என்று கேட்க இடமில்லை.

இதில் யாருமே பேசாத ஒருத்தி இருக்கிறாள். கணவனை இழந்தவளோ பிரிந்தவளோ, ஒரே பிள்ளையோடு வருகின்றவள். மூன்றாம் படுக்கைக்குத்தான் சலுகை என்பதால், அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளை பல கப்பல்களில் இரண்டாவது ஆளாக எண்ணப்பட்டு முழுக்கட்டணம் செலுத்துகின்றது. அப்பா, அம்மாவோடு வரும் அதே வயதுப் பிள்ளை இலவசமாகப் போகக்கூடும். ஒரு சம்பளத்தில் வாழும் வீடு கூடக் கொடுக்கின்றது, இரண்டு சம்பளம் வரும் வீடு குறையக் கொடுக்கின்றது.

களப்பணியில் இத்தகைய படிவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தலைவர் பெயர், துணைவர் பெயர் என்று இரண்டு கோடுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கில் வீடு பெண்ணுக்கே சேரும் வழக்கம் இருந்தும் பல இடங்களில் புதிய வீடு ஆணின் பெயரில் எழுதப்பட்டது. கப்பல்காரர் தலைவர் யார் என்று கேட்பதில்லை. ஆனால் இரண்டு கோடுகளையும் நிரப்பாதவளிடம் அவர்களும் பணம் அறவிடுகிறார்கள்.

தனியாகப் பயணம் செய்வோரையும் வாடிக்கையாளராகக் காணத் தொடங்கியவர்கள் இல்லாமலில்லை. நோர்வீஜியன் எபிக் என்ற கப்பல் 2010இல் 128 தனியாள் அறைகளோடு கடலுக்கு வந்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் சிறிய தனியறைகளைச் சேர்த்தன. அவை எண்ணிக்கையில் குறைவு. கேட்டபோது எங்கள் இளையவருக்கு அந்தக் கப்பலில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

நான் சொன்ன யோசனை சின்னதுதான். இரண்டு அறையும் 4,600 பவுணும் அப்படியே இருக்கட்டும், படுப்பவர்களை மாற்றுங்கள் என்றேன். ஓர் அறையில் அத்தானும் மூத்த பிள்ளைகள் இருவரும். மற்றதில் அக்காவும் தங்கையும் கடைக்குட்டியும். இரவில் ஒருவர் பிள்ளையோடு இருக்க மற்றவர் வெளியே போகலாம், முறை வைத்து. அப்பனுக்கும் ஒரு வாரம் தன் பிள்ளைகளோடு தனியே இருக்கக் கிடைக்கும்.

அக்காவும் தங்கையும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அத்தான் இரண்டு நாள் யோசித்தார். பெரியம்மாதான் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அந்தப் பிள்ளை தனிய ரெண்டு பேரையும் எப்பிடிச் சமாளிக்கும்?" என்று கேட்டார். பிள்ளை என்று அவர் சொன்னது நாற்பத்தாறு வயது மருமகனை.