தளர்ந்த கைப்பிடி

மகிழுந்தின் கதவுக் கைப்பிடி ஒரே நாளில் தளர்ந்துவிடுவதில்லை. நாள்தோறும் இழுத்து இழுத்து, உள்ளே அதைப் பிடித்திருக்கும் மரைகள் சிறிது சிறிதாக நெகிழ்கின்றன. எங்கள் மகிழுந்தின் முன்பக்க இடது கதவிலும் அப்படித்தான் நடந்தது. கைப்பிடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் இழுத்தால்தான் கதவு திறக்கும்.

எனக்கு அது சிறு தொல்லை. 76 வயதான என் அம்மாவுக்கோ அது பெரிய தடை. அவருடைய ஒரு கையில் எப்போதும் ஊன்றுகோல் இருக்கும். யாராவது கதவைத் திறந்துவிட்டால் ஏறிக்கொள்ளலாம். ஆனால், தம் வேலையைத் தாமே செய்து பழகியவர் அவர். “எனக்காக யாரும் ஓடி வர வேண்டாம்” என்பார். இரண்டு வெள்ளிக்கிழமைகளாகக் கோயிலுக்கும் வரவில்லை. கால் வலிக்கிறது என்றார். உண்மையான காரணம் காலில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

அது தீபாவளி நெருங்கிய நேரம். பட்டறையில் ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாம் படிவத்தில் பயிலும் என் மகன், “நாமே செய்து பார்ப்போமே, அப்பா” என்றான். மகிழுந்தின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் படித்துவிட்டு, ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினோம்.

முதலில் சன்னல் கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றினோம். அது கீழே இருந்தால் கதவினுள் கைவிட இடம் இருக்காது. பிறகு, மின்கலத்தின் எதிர்மின் முனையைக் கழற்றினோம். உட்பக்கக் கைப்பிடியின் பின்னாலும் கைத்தாங்கியிலும் மறைந்திருந்த திருகாணிகளைத் திருப்புளியால் அகற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தோம். உட்பலகையைச் சுற்றி நெகிழிக் கவ்விகள் இருந்தன. அவசரப்பட்டு இழுத்தால் அவை உடைந்துவிடும். மகன் பொறுமையாக ஒவ்வொன்றாக நெம்பி விடுவித்தான். சன்னல் பொத்தானுக்குச் செல்லும் மின்கம்பி இணைப்பையும் பிரித்தான்.

அதன்பின், மழைநீரைத் தடுக்கும் நெகிழித்தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தோம். உள்ளே தகட்டின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும் என்பதால் கையுறை அணிந்துகொண்டோம். கைவிளக்கின் ஒளியில் கைப்பிடியைப் பிடித்திருந்த இரண்டு மரைகள் தெரிந்தன. அவற்றுள் ஒன்று விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இரண்டையும் முடுக்கினோம். அளவுக்கு மீறி முடுக்கினால் கைப்பிடி விரிசல் விடக்கூடும். ஆகவே, ஆட்டம் நின்றதும் நிறுத்திக்கொண்டோம்.

மகன் உடனே கதவைச் சாத்தப் போனான். நான் தடுத்தேன்.

“கைப்பிடி வேலை செய்யாவிட்டால், மூடிய கதவை எப்படித் திறப்பாய்?”

அவன் சற்று யோசித்தான். கதவு திறந்திருக்கும்போதே, பூட்டின் கொக்கியைத் திருப்புளியால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தான். பின்னர், கைப்பிடியை இழுத்தான். ‘டக்’கென்று கொக்கி விடுபட்டது. மூன்று முறை சோதித்த பிறகே, கழற்றியவற்றை எல்லாம் மீண்டும் பொருத்தினோம்.

ஒரு பழுது சிறியதா பெரியதா என்பதைப் பொருளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால் யார் தடைபட்டு நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அம்மா எங்களுக்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையால் கதவைத் திறந்து ஏறி அமர்ந்தார். காலணியைத் தேடிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்து, “இன்னும் என்ன செய்கிறாய்? பூசைக்கு நேரமாகிறது!” என்று குரல் கொடுத்தார்.