உறைபனி விடியலில் சைக்கிளில் செல்வோர்





சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஓர் அம்மா என்னை மறித்து, "சுவாமி, இந்தக் குளிருக்குள்ளயும் சைக்கிளிலோ திரியிறியள்? காரை எடுக்கலாம்தானே?" என்று கேட்டார். அறுபதைத் தாண்டிய ஒருவனிடம் அப்படிக் கேட்பது நியாயமே. அப்போது சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உரிய பதிலை உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன். அந்தப் பதிலுக்குள் விடியுமுன் சைக்கிளில் வேலைக்குப் புறப்படும் நம்மவர் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் உங்களிடம் ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் வாழும் இந்தச் சட்டன் பகுதி இலண்டனின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. நகரின் நடுப்பகுதியில் நெருங்கி நிற்கும் கட்டடங்கள் பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுவதால் அங்கே குளிர் சற்றுத் தணிந்திருக்கும். விளிம்பில் வாழும் நமக்கு அந்த வசதி குறைவு. வானம் தெளிந்த இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை இழந்துவிட, காலையில் புல்லும் கார்க் கண்ணாடிகளும் வெண்மையாகக் கிடப்பதைக் காண்கிறோம். டிசம்பர் 21ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் காலை 8 மணி கழிந்தே சூரியன் உதிக்கிறது; மாலை 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. பகல் 8 மணித்தியாலம்கூட இல்லை. ஆகவே, காலை 7 மணி வேலைக்குச் சைக்கிளில் போகிறவர் இருளில் போகிறார். மாலையில் வேலை முடிந்து இருளிலேயே திரும்புகிறார்.

சென்ற ஜனவரியில் ஒரு நாள், காலை 6 மணி அளவில், செயின்ட் ஹீலியர் வைத்தியசாலையில் ஒருவருக்கு நோயில் பூசுதல் வழங்க வருமாறு அழைப்பு வந்தது. வழக்கம்போல் சைக்கிளை எடுத்தேன். முதல்நாள் மாலை மழை பெய்து, இரவில் வானம் தெளிந்திருந்தது. ஏஞ்சல் ஹில் வீதியில் உப்புத் தூவப்பட்டிருந்ததால் அது ஈரமாக இருந்ததேயன்றி உறையவில்லை. உப்புக் கரைந்த நீர் சாதாரண நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உப்பு வண்டிகள் பெரும்பாலும் பிரதான வீதிகளுக்கே போகின்றன. இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி நான் ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பினேன். அங்கே தார் கறுப்பாகத்தான் தெரிந்தது. அதன் மேல் கண்ணாடி போல உறைந்திருந்த நீரை நான் காணவில்லை. திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் வழுக்கிற்று. அடுத்த கணம் நான் வீதியில் கிடந்தேன். புனித எண்ணெய்ச் சிமிழ் மட்டும் உட்பையில் பத்திரமாக இருந்தது.

ஒரு கார் என்னைக் கடந்து சென்றது. அதன் சாரதியை நான் குறை சொல்லமாட்டேன். என் பின்விளக்கின் ஒளி மங்கியிருந்ததை முதல்நாள் மாலையே கண்டிருந்தும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவன் நான்தான்.

பின்னால் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர் நிறுத்தி, இறங்கி, என்னைத் தூக்கினார். "ஃபாதர், நீங்களா?" என்றார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. எனக்கு அவரைத் தெரியவில்லை. என் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு சைக்கிள்களையும் அவரே உருட்டிக்கொண்டு, ரோஸ் ஹில் சுற்றுவட்டத்தைக் கடந்து, வைத்தியசாலை வாசல்வரை என்னோடு நடந்து வந்தார். ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தமக்கு 7 மணிக்கு வேலை தொடங்குகிறது என்பதை நடக்கும்போதுதான் சொன்னார். "பிந்தப் போகுதே, தம்பி, நீர் போம்" என்றேன். "பரவாயில்லை, ஃபாதர்" என்றார்.

"தம்பி, உம்மைக் கோயிலில் காணவில்லையே?" என்று கேட்டேன். வழக்கமாக வாயில் வரும் கேள்விதான். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்: "ஒருக்கா வந்தனான், ஃபாதர். அண்டைக்கு நீங்கள் பிரசங்கத்தில, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போறவை காசைத்தான் கும்பிடுகினம் எண்டு சொன்னீங்கள். எனக்கு ஞாயிறு பன்னிரண்டு மணித்தியால வேலை. பிறகு வரேல்லை."

அன்பார்ந்தவர்களே, நான் அப்படிச் சொன்னது உண்மை. கடைகளையும் வீடுகளையும் பெருக்கிக்கொண்டே போகும் சிலரை மனதில் வைத்துச் சொன்னேன். அவர்கள் காதில் அது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்தது, கல்விக் கட்டணமும் வீட்டு வாடகையும் கட்டி, ஊரில் ஒரு தாய்க்கும் பணம் அனுப்பும் இந்தப் பிள்ளையின் காதில். நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்த உவமையில் வழியே போய்விடும் குருவைப் பற்றி ஒவ்வொரு முறையும் கண்டிப்பாகவே பேசியிருக்கிறேன். அன்று வீதியில் கிடந்தவன் குரு. நின்றவரோ, அந்தக் குருவின் சொல்லால் கோயிலுக்கு வெளியே போனவர். அன்று அரைமணி நேரம் பிந்தியதற்கு அவருடைய சம்பளத்தில் கழிக்கப்பட்டதைப் பின்னர்தான் அறிந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், பெயரை எழுதவில்லை.

உங்களில் என் வயதினருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்டன. அந்நாளில் நான் இளங்குரு. அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில்தான் பங்கெங்கும் போய்வந்தேன். வைத்தியரும் சைக்கிளில் வந்தார். ஆசிரியரும் மீன் விற்பவரும் அப்படியே வந்தார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, முதியவர்களையும் மூட்டைகளையும் சுமந்தவை அந்தச் சைக்கிள்களே. அந்தத் துன்ப நாட்கள் மீண்டும் வேண்டாம். ஆனால் அன்று வீதியில் எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்தோம். விழுந்தவரின் முகம் நமக்குத் தெரிந்தது.

இன்று நம்மில் பலர் காருக்குள் இருக்கிறோம். உழைத்து வாங்கிய கார், அதில் குற்றமில்லை. எனினும் கண்ணாடிக்கு வெளியே, இடப்பக்க ஓரத்தில், இருளில் போய்க்கொண்டிருப்பவர் நம் கோயிலுக்கு வந்திருக்க வேண்டிய ஒருவராக இருக்கக்கூடும். பேருந்துக்கு இரண்டு தரம் மாற வேண்டியிருப்பதாலும், விடிகாலையில் அது நேரத்துக்கு வராததாலும், ஒவ்வொரு பவுணையும் எண்ணிச் செலவிட வேண்டியிருப்பதாலும் அவர் சைக்கிளில் போகிறார். ஆகவே சில காரியங்களை உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன்.

கார் ஓட்டுகிறவர்களே, இந்நாட்டு வீதி ஒழுங்கு நூல் 2022 ஜனவரி மாத இறுதியில் திருத்தப்பட்டது. அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுகிறவருக்கே பிறரைக் காக்கும் பொறுப்பும் அதிகம் என்பது அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட கொள்கைகளுள் ஒன்று. எந்த மறையுரையிலும் வைக்கத் தகுந்த கொள்கை அது. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதைவிட வேகமாகச் சென்றால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். காரை நிறுத்தியபின் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். அப்போது உடல் தானாகத் திரும்பி, பின்னால் வருபவரைக் கண்கள் பார்த்துவிடும். கோயில் வாசலில் பிள்ளைகளை அவசரமாக இறக்கிவிடும் பெற்றோருக்கும் இதைச் சொல்கிறேன்.

சைக்கிளில் போகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, இருளில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், பின்னே சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்விளக்கு நமக்கு வழி காட்டும். பின்விளக்கால் நமக்கு எதுவும் தெரியாது. பிறர் நம்மைக் காண்பதற்காகவே அது இருக்கிறது. அதனால்தான் அதைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன். உறைபனி நாளில் இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பக்கத் தெருவுக்குள் போகாதீர்கள். உப்புத் தூவிய வீதியிலேயே போங்கள். திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். திருப்பத்துக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். இரும்பு மூடிகளும் வீதியில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும் ஈரமான இலைகளும் வழுக்கும். சக்கரத்தில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்புக் கூடும். வீதி உப்பு சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். வாரத்துக்கு ஒருமுறை கழுவித் துடைத்து எண்ணெய் இடுங்கள். நல்ல கையுறை வாங்குங்கள். விறைத்த விரல் பிரேக்கைத் தேடுவதற்குள் காரியம் கைமீறிவிடும்.

கடைகளும் நிறுவனங்களும் நடத்துகிற பெரியோர்களே, உங்களிடம் சைக்கிளில் வேலைக்கு வரும் பிள்ளைகள் இருந்தால், அதை நிறுத்தப் பாதுகாப்பான ஓரிடமும் நனைந்த உடுப்பை உலர்த்த ஓர் ஆணியும் கொடுங்கள். உறைபனி நாளில் பத்து நிமிடம் பிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடி வந்து விழுவதைவிட, மெதுவாக வந்து சேர்வது உங்களுக்கும் நன்மை.

இனி, ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களுக்கு. அன்று நான் மறையுரையில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன். முந்திய நாள், அதாவது சனி மாலைத் திருப்பலியில் பங்குபெறுவோரும் ஞாயிறு கடனை நிறைவேற்றுகிறார்கள் என்று திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் இலக்கம் கூறுகிறது. பாரதூரமான காரணம் உள்ளவர்களைத் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை. நோயையும் குழந்தைப் பராமரிப்பையும் கத்தோலிக்க மறைக்கல்வி நூலே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. தக்க காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விலக்கு அளிக்கவும் முடியும். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைக் குளிப்பாட்டி உணவூட்ட ஞாயிற்றுக்கிழமை போகிறவர் காசைக் கும்பிடப் போகவில்லை. அப்படிப்பட்டவர்களின் மனதை என் சொல் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். வந்து என்னிடம் பேசுங்கள். உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் நற்கருணைக்கும் நேரம் ஒதுக்குவது என் கடமை.

வட இத்தாலியில், கோமோ ஏரிக்கு அருகேயுள்ள ஒரு மேட்டில், கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். புகழ்பெற்ற வீரர்களின் பந்தயச் சைக்கிள்கள் அந்த ஆலயத்துக்குள் காணிக்கையாக வைக்கப்பட்டிருக்கின்றன. பந்தயத்துக்காக அன்றி, பிழைப்புக்காக உறைபனியில் மிதிப்பவர்களையும் அன்னை அறிவார் என்று நம்பி, ஒவ்வொரு காலையும் புறப்படுமுன் ஓர் அருள்நிறை மரியே சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு இப்போது என் பதில். உறைபனி எச்சரிக்கை உள்ள நாட்களில் சைக்கிளை வீட்டில் விட்டு நடந்து போகிறேன். மணிக்கட்டைப் பார்த்த வைத்தியருக்கும் அப்படியே வாக்களித்திருக்கிறேன். மற்ற நாட்களில் சைக்கிளில்தான் போவேன். காலை 6 மணிக்கு ரோஸ் ஹில் பக்கம் போனால், ஞாயிறு திருப்பலியில் நான் காணாத நாலைந்து முகங்களை அங்கே காண்கிறேன். மணியை அடித்தால் அவர்களும் அடிக்கிறார்கள். இரண்டு பேரின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். என்னைத் தூக்கிவிட்ட தம்பி, வேலை ஒத்துவந்தால், சனி மாலையில் வருகிறார். கடைசி வரிசையில் இருப்பார். அவரிடம் யாரும் "ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?" என்று கேட்க வேண்டாம், "சாப்பிட்டீரா?" என்று கேளுங்கள்.

திருவுடை அறைக்கு வெளியே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் சைக்கிள் விளக்குகளையும் கையுறைகளையும் அதில் போடுங்கள். தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுதத் தேவையில்லை. பின்விளக்குகள்தான் அதிகம் தேவைப்படுகின்றன.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை