புத்தக வம்பு

கதையோ நாவலோ படித்து முடித்ததும் அதைப் பற்றி யாரிடமாவது வாயளக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் படிமம், உத்தி, கட்டமைப்பு என்றெல்லாம் பேச வராது. இலக்கியக் கூட்டத்தில் கடைசி வரிசை ஆள் நான். அவன் அப்படிச் செய்திருக்கலாமா, அவள் ஏன் அந்த வீட்டிலேயே கிடந்தாள் என்று அடுத்த வீட்டு வம்பு பேசுவதுபோலத்தான் புத்தகத்தையும் பேசுவேன். இதில் வெகுநாள் கூச்சம் இருந்தது. அதைப் போக்கியவர் என் பெரியம்மா.

பெரியம்மாவுக்குக் கதைப் புத்தகம் படிக்கிற வழக்கமில்லை. ஒருநாள் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையைச் சொன்னேன். நெருங்கிய உறவான சுப்பராயன் செல்வாக்காக வாழ்வதைப் பொறுக்காத சாமநாது என்ற கிழவர், அந்தச் சுப்பராயன் வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே பெருச்சாளி கிடந்தது என்று புளுகுகிறார். மனித மனத்தின் இருட்டு, அது இதுவென்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் பெரியம்மா கேட்டார்: “அப்புறம் பந்தியில எதைடா போட்டாங்க?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கொட்டிப்போன பாயசமே என் கண்ணுக்குத் தெரிந்தது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்த சமையல்காரர்கள், இலையில் உட்காரப்போகிறவர்கள், பெண்ணைப் பெற்றவரின் முகம். கிழவரின் மனத்துக்குள்ளேயே குடியிருந்த நான் கல்யாண வீட்டை மறந்திருந்தேன். பெரியம்மா அதோடு விடவில்லை. “எங்க ஊர்லயும் ஒருத்தர் இருந்தார்” என்று ஆரம்பித்தார். அந்தக் கதையை இங்கே எழுத முடியாது. அவர் குடும்பத்தார் நன்றாகவே இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வம்பையே என் வழியாக வைத்துக்கொண்டேன். புத்தகம் “சூப்பர்” என்றோ “மொக்கை” என்றோ சொல்லிவிட்டு நகரப் பார்க்கிறவர்களிடம், “அதுல யாரைப் பிடிக்கலை?” என்று கேட்பேன். அப்புறம் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம்.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ அலுவலக டீக்கடை வரை போனது இப்படித்தான். கதைசொல்லி, தன்னிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளைகளில் சிலருக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கனுக்கு இல்லை. கடைசியில் அந்தப் பையன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். “படிச்ச மனுஷன்தானே, இன்னொரு டைரி என்ன விலை இருக்கும்?” என்று ஒருவர் கொதித்தார். “எல்லாப் பிள்ளையும் ஒரேமாதிரி மனசுல ஒட்டாது சார், நீங்க வாத்தியாரா இருந்து பாருங்க” என்றார் மற்றவர். இருவருமே கதையைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள்.

எல்லாப் புத்தகமும் இதற்கு வளைந்துகொடுப்பதில்லை. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. கொலை செய்த சிறுவன் சிதம்பரமும் அவன் அப்பாவும் காடுமலையென்று தலைமறைவாகத் திரியும் நாட்கள்தான் நாவல். இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்தவர்கள் அதில் வரும் தனுஷின் இளமைக் காதலை நாவலில் தேடி ஏமாறுவார்கள். அது படத்துக்காக எழுதியது. அப்பனும் மகனும் கிடைத்ததைச் சமைத்துத் தின்றபடி பேசிக்கொள்வதைக் கவனியுங்கள் என்று மட்டும் சொல்வேன். அங்கே யார் செய்தது சரி என்று டீக்கடையில் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கருத்தில், படத்தைவிட நாவலில்தான் அந்த அப்பா பெரிய மனிதர்.

இப்போது வீட்டில் ஓடுவது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் ஜமுனா மனமொடிந்து கிடக்கும்போது, டீச்சரம்மா ஆறுதலாகச் சொல்வது தன் கல்யாணக் கதையை. எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். என் மனைவிக்கு அதில்தான் கோபம். “அழுறவகிட்ட போய், உன்னைவிட நான் அதிகமா பட்டிருக்கேன்னு சொல்றதா ஆறுதல்? அந்தம்மாவுக்கு வேற ஆள் கிடைக்கலை, கொட்டித் தீர்த்துட்டாங்க” என்கிறாள். நான் டீச்சரம்மாவை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் அவளும் யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவள்தான் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். அக்கா ஜமுனாவோடு கோபித்துக்கொண்டு சாயா ஹாஸ்டலுக்குப் போனாளே, அது நியாயமா என்பதை இன்னும் எடுக்கவில்லை. அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.